கோவையும் அடைவும்: கணினி மொழிகளிற் கோப்பாளுகை வளர்ந்த வரலாறு

வன்னி நிலத்தின் வாழ்வு குளத்தின் வாழ்வாகும். மழைநீரைத் தேக்கி வைத்தல் மாத்திரம் குளத்தின் பயனன்று. தேங்கிய நீர் துருசின் வழியாகத் தலைவாய்க்காலை அடைந்து, அங்கிருந்து கிளைவாய்க்கால்களிற் பிரிந்து, இன்ன வயலுக்கு இன்ன வேளை என்னும் முறை தவறாது சென்று சேரும்போதே குளம் தன் பெயருக்கு உரியதாகின்றது. துருசு பழுதுற்ற குளம் நிறைந்து கிடந்தாலும் உழவனுக்கு உதவாது. காவலின்றித் திறந்துவிடப்பட்ட குளமோ விரைவில் வறண்டுபோம். புளியங்குளம் முதலாக ஊர்ப்பெயர்களிலேயே குளத்தைத் தாங்கி நிற்கும் இப்பகுதி மக்களுக்கு இவ்வுண்மையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அறிவுச் செல்வத்துக்கும் இதே நியதி பொருந்தும். எழுதி வைத்தலினும் அரிது, எழுதியதை முறைப்பட அடுக்குதலும், வேண்டியபோது எடுத்தலும், பழுதுறுமுன் படியெடுத்தலும், வேண்டாதது எதுவெனத் தெளிந்து நீக்குதலுமாம். இன்று உலகத்தின் எழுத்துக்களிற் பெரும்பகுதி கணினியில் அடங்கியுள்ளது. அங்கே ஆக்குதல், படியெடுத்தல், பெயர்மாற்றுதல், இடம்பெயர்த்தல், அழித்தல் என்னும் தொழில்களைச் செய்து முடிப்பன நிரல்மொழிகளோடு சேர்த்து வழங்கப்படும் சிறு செயற்கூறுகளே. அவை கண்ணுக்குப் புலப்படாதன, புகழ் பெறாதன. ஆயினும் அவற்றுள் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாறு பெரும்பாலும் இழப்பினாற் கற்ற பாடங்களின் வரலாறாகும்.

முதற்கண் சொற்களை நோக்குதல் நன்று. இலங்கையின் அலுவலகங்களிற் கடிதங்களை ஒருங்கு சேர்த்து வைப்பதனைக் ‘கோவை’ என வழங்குவர். கணினித் துறையார் ‘கோப்பு’ என்பர். இரண்டும் ‘கோத்தல்’ என்னும் வினையடியாகப் பிறந்தன. ஆங்கிலத்தார் வழங்கும் ‘ஃபைல்’ என்னும் சொல்லோ நூலிழையைக் குறிக்கும் ‘ஃபீலும்’ என்ற இலத்தீன் சொல்லினின்று வந்தது. பத்திரங்களைக் கயிற்றிலோ கம்பியிலோ கோத்துத் தொங்கவிடும் ஐரோப்பிய வழக்கமே அதற்குக் காரணம். தமிழரும் பனையேடுகளைத் துளையிட்டுக் கயிற்றிற் கோத்தே கட்டி வைத்தனர். கடல்களாற் பிரிந்த இரு மக்கட் கூட்டத்தார் ஒரே செய்கையைக் கண்டு ஒரே வகையாற் பெயரிட்டமை வியக்கத்தக்கது.

கோப்புக்கள் தங்கும் இடத்துக்குத் தமிழ்க் கணினியாளர் இட்ட பெயர் ‘அடைவு’. முறை, ஒழுங்கு என்பன அச்சொல்லின் பழம்பொருள்கள். ஈழத்துப் பேச்சு வழக்கில் நகையை ஈடாக வைத்தலையும் அச்சொல்லே குறிக்கும். இவ்விரு பொருளும் கணினி அடைவுக்குப் பொருந்துவன. அடைவு வைத்த நகையைத் திரும்பப் பெறுதற்குத் துண்டு வேண்டும். துண்டு தொலைந்தால் நகை இருந்தும் இல்லாததற்குச் சமம். கணினியிலும் கோப்பின் உள்ளடக்கம் வட்டில் ஓரிடத்தில் இருக்க, அதன் பெயரும் அதனை அடையும் குறிப்பும் அடைவில் உள்ளன. குறிப்பு அழிந்தால் உள்ளடக்கம் எட்டாப் பொருளாகிவிடுகின்றது.

இலங்கையில் ஆவணங்களை அடைவுபடுத்தும் முயற்சி கணினிக்கு நெடுங்காலம் முற்பட்டது. போர்த்துக்கேயர் தொடங்கிய தோம்பு என்னும் பதிவேட்டு முறையை ஒல்லாந்தர் விரித்தனர். குடும்பங்களைப் பதிந்த தலைத்தோம்பும் காணிகளைப் பதிந்த காணித்தோம்பும் எனப் பதிவேடுகள் இருவகைப்பட்டன. ஒன்றினைக் கொண்டு மற்றொன்றினை நாடத்தக்க குறிப்புக்களும் அவற்றில் இடம்பெற்றன. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்கள் 2003 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டன. வன்னியைப் பொறுத்தவரை, பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவற்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி என்னும் பிரிவுகள் பழைய ஆட்சிப் பதிவுகளில் காணப்படுவன. ஜே. பி. லூயிஸ் என்பார் 1895 ஆம் ஆண்டில் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் இத்தகைய பதிவுகளின் துணை இன்றி உருவாகியிருத்தல் இயலாது.

ஓலைச்சுவடியின் வாழ்நாள் வரையறைப்பட்டது. செல்லும் ஈரமும் தீயும் அதற்குப் பகை. ஆதலாற் பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டிற் படியெடுத்தல் தலைமுறைதோறும் செய்யப்பட வேண்டிய கடமையாயிற்று. அக்கடமை தவறிய இடங்களில் நூல்கள் மறைந்தன. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) வீரசோழியத்தை 1881 ஆம் ஆண்டிலும் கலித்தொகையை 1887 ஆம் ஆண்டிலும் அச்சேற்றியபோது, கட்டவிழ்த்த மாத்திரத்தே ஏடுகள் சிதையும் அவலத்தைத் தம் பதிப்புரைகளில் நெஞ்சுருகக் கூறினார். படியெடுத்தலும் இடம்பெயர்த்தலும் அழித்தலும் வெறும் பொறித் தொழில்களல்ல என்பதைத் தமிழுலகம் கணினி தோன்றுமுன்பே நன்கறிந்திருந்தது.

தொடக்ககாலக் கணினிகளிற் கோப்பு என்னும் கருத்தே தெளிவாக இருந்ததில்லை. துளையிட்ட அட்டைக் கட்டுக்களும் காந்த நாடாச் சுருள்களுமே செய்திகளைத் தாங்கின. நாடாவின் நடுவேயுள்ள ஒன்றைப் பெறுதற்கு அதன் முன்னுள்ளவை யாவற்றையும் கடக்க வேண்டும். 1956 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் றமாக் என்னும் பொறியை வெளியிட்டது. 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுக்களைக் கொண்ட அதன் வட்டுத் தொகுதி ஐம்பது இலட்சம் எழுத்துக்களைத் தாங்கியது. வேண்டிய இடத்துக்கு நேரே செல்லும் ஆற்றல் அதனாற் கிட்டியது. ஆனால், எங்கு எது உள்ளது எனக் குறித்து வைக்கும் பொறுப்பு அதனோடு கூடவே பிறந்தது. குளம் கட்டியாயிற்று, வாய்க்கால் வெட்ட வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் பெர்னாண்டோ கோர்பற்றோ என்பாரின் தலைமையில் உருவாகி 1961 ஆம் ஆண்டு நவம்பரிற் காட்டப்பெற்ற காலப்பகிர்வுத் தொகுதி, பலர் ஒரே வேளையில் ஒரு கணினியைப் பயன்படுத்தும் வழியைத் திறந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனி அடைவு ஒதுக்கப்பட்டது. அங்கே 1960களின் நடுப்பகுதியில் நிகழ்ந்த ஒரு பிழை இத்துறையிற் பலகாலும் எடுத்தாளப்படுவது. பதிப்பிக்கும் நிரல், தான் வேலை செய்யும்போது அமைக்கும் தற்காலிகக் கோப்புக்கு எப்பொழுதும் ஒரே பெயரையே இட்டது. ஓர் அடைவில் ஒருவரே பணிசெய்வார் என்ற எண்ணத்தால் அஃது அவ்வாறு அமைக்கப்பட்டிருந்தது. பின்னர்த் தொகுதிப் பொறுப்பாளர் பலர் ஓரடைவைப் பகிர்ந்துகொள்ள அனுமதிக்கப்பட்டனர். ஒருவர் கடவுச்சொற் கோப்பையும் மற்றொருவர் அன்றைய அறிவித்தலையும் ஒரே வேளையிற் பதிப்பிக்க, தற்காலிகக் கோப்புக்கள் மாறுபட்டு, உள்நுழைந்த ஒவ்வொருவருக்கும் அனைவரின் கடவுச்சொற்களும் அறிவித்தலாக வந்து நின்றன. 1991 ஆம் ஆண்டில் வெளியான தம் விருதுச் சொற்பொழிவிற் கோர்பற்றோவே இதனை எடுத்துரைத்தார். இன்று நிரல்மொழிகள் பலவற்றில், வேறெவரும் வைத்திராத பெயரைத் தானே தெரிந்து தற்காலிகக் கோப்பை ஆக்கித் தரும் செயற்கூறு ஒன்றுண்டு. அதன் தேவையை மேற்கூறிய நிகழ்ச்சியினும் தெளிவாக விளக்குவது வேறில்லை.

ஒருவருக்கு ஓர் அடைவு என்னும் ஏற்பாடு விரைவிற் போதாதாயிற்று. 1965 ஆம் ஆண்டில் டேலி, நியூமன் என்னும் இருவர் மல்ற்றிக்ஸ் என்னும் புதிய தொகுதிக்கெனக் கோப்பமைப்பு ஒன்றனை ஆய்வுரையாக வெளியிட்டனர். அடைவுக்குள் அடைவு, அதற்குள் வேறோர் அடைவு என வேரினின்று கிளைத்து விரியும் மரவமைப்பு அவ்வுரையில் முழுமையாக வகுக்கப்பட்டது. இதன் பயனை உணர்தற்குப் புளியங்குளத்தின் பெயரே சான்று. இலங்கையிற் புளியங்குளம் என்னும் பெயருடைய ஊர்கள் ஒன்றல்ல. அநுராதபுரத்தின் அருகே பழைய பௌத்தப் பள்ளி அமைந்திருந்த புளியங்குளமும் உண்டு. ஊர்ப்பெயரை மாத்திரம் எழுதிய கடிதம் எங்குச் செல்லும் என உறுதி கூறல் இயலாது. வட மாகாணம், வவுனியா மாவட்டம், வவுனியா வடக்குப் பிரிவு, புளியங்குளம் எனப் படிப்படியாக எழுதினால் ஐயமில்லை. வேரிலிருந்து இலை வரை எழுதும் இத்தொடரே கணினியிற் ‘பாதை’ எனப்படுகின்றது. பெயர் ஒன்றாயினும் பாதை வேறாயின் பொருள் வேறாம்.

மல்ற்றிக்ஸ் முயற்சியினின்று 1969 ஆம் ஆண்டில் விலகிய பெல் ஆய்வுகூடத்தில், கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் எளியதொரு தொகுதியை அமைத்தனர். அதுவே யூனிக்ஸ். அதன் முதற் கையேடு 1971 ஆம் ஆண்டு நவம்பர் 3 ஆம் நாளைத் தாங்கி வெளிவந்தது. படியெடுக்க ஒன்று, இடம்பெயர்க்க ஒன்று, நீக்க ஒன்று, அடைவு ஆக்க ஒன்று எனச் சிறுசிறு ஏவல்கள் வகுக்கப்பட்டன. தட்டச்சுத் தொலைபொறிகளில் எழுத்து ஒவ்வொன்றாக மெல்ல அச்சிடப்பட்ட காலமாதலின், அவற்றின் பெயர்கள் பெரும்பாலும் இரண்டெழுத்துச் சுருக்கங்களாக அமைந்தன. ஓர் ஏவல் ஒரு தொழிலைச் செவ்வனே செய்யவேண்டும் என்பதே அவர்தம் கொள்கை.

யூனிக்ஸின் ஆழ்ந்த கருத்து பிறிதொன்று. கோப்பின் உள்ளடக்கம் வேறு, அதன் பெயர் வேறு என அது பிரித்தது. உள்ளடக்கத்துக்கு ஓர் எண் உண்டு. அடைவு என்பது பெயரையும் எண்ணையும் இணைக்கும் பட்டியல் மாத்திரமே. 1979 ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்பில் அடைவின் ஒவ்வொரு பதிவும் 16 பைற்றுக்கள் கொண்டது; எண்ணுக்கு இரண்டும் பெயருக்குப் பதினான்கும். ஒரே உள்ளடக்கத்துக்குப் பல பெயர்கள் இருத்தலும் கூடும். ஆகவே ‘அழித்தல்’ என நினைக்கப்படுவது உண்மையில் ஒரு பெயரின் தொடர்பை அறுத்தலேயாம். எல்லாப் பெயர்களும் நீங்கி, திறந்து வைத்திருப்போரும் விட்டொழிந்த பின்னரே உள்ளடக்கம் தங்கிய இடம் விடுவிக்கப்படும்.

பெயர்மாற்றம் எளிய செயலெனத் தோன்றும். தொடக்கத்தில் அதற்கெனத் தனிச் செயற்கூறு இருந்ததில்லை. முதலிற் புதிய பெயரை இணைத்தல், பின்னர்ப் பழைய பெயரை அறுத்தல் என இருபடியாகச் செய்தனர். புதிய பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருப்பின், அதனை முன்னதாக நீக்கவும் வேண்டும். நீக்கிய கணத்துக்கும் இணைக்கும் கணத்துக்கும் இடையில் மின்னோட்டம் நின்றுவிட்டால், அப்பெயரிற் பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்னும் நிலை நேரும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தார் 1983 ஆம் ஆண்டில் வெளியிட்ட யூனிக்ஸ் பதிப்பிற் பெயர்மாற்றம் பிளவுறாத ஒரே செயலாக்கப்பட்டது. இடையில் எது நேரினும் அப்பெயரிற் பழைய கோப்பாவது புதிய கோப்பாவது இருந்தே தீரும் என்பது அதன் உறுதிமொழி. முக்கியமான ஏட்டைத் திருத்தும் நிரல் யாதாயினும், திருத்திய வடிவத்தை முதலில் வேறு பெயரில் முற்றாக எழுதி, வட்டிற் பதிந்ததை உறுதிசெய்து, பின்னரே பழைய பெயருக்கு மாற்றுதல் இன்றளவும் நல்லோர் கைக்கொள்ளும் முறையாகும்.

இவ்வளவும் இயங்குதளத்தின் வரலாறு. நிரல்மொழிகளுக்குள் இவை புகுந்தமை தனிக்கதை. றிச்சி அமைத்த சி மொழி 1989 ஆம் ஆண்டில் தரப்படுத்தப்பட்டபோது, நூலகத்திற் கோப்பைத் திறத்தல், நீக்குதல், பெயர்மாற்றுதல், தற்காலிகக் கோப்பு அமைத்தல் என்பன இடம்பெற்றன. அடைவு பற்றி ஒரு செயற்கூறேனும் இல்லை. அது மறதியன்று. அக்காலத்துக் கணினிகளின் அடைவுமுறைகள் ஒன்றற்கொன்று மாறுபட்டிருந்தன. யூனிக்ஸ் பாதைகள் வலப்புறம் சாய்ந்த கோட்டினாற் பிரிக்கப்பட்டன. 1983 ஆம் ஆண்டில் இரண்டாம் பதிப்பில் அடைவுகளைப் பெற்ற எம்.எஸ்.-டொஸ் தொகுதியோ, அச்சாய்கோட்டை ஏவல்களின் அடைகளுக்கு முன்னரே பயன்படுத்தியிருந்தமையால், எதிர்ப்புறம் சாய்ந்த கோட்டை வழங்கியது. ஒரு சிறு கோட்டின் சாய்வு காரணமாக எத்துணையோ நிரல்கள் ஒரு தளத்தில் இயங்கி மறுதளத்தில் இடறின.

நிரல் எழுதுவோர் நெடுங்காலம் வேறொரு குறுக்குவழியை நாடினர். நிரலினுள்ளிருந்தே இயங்குதளத்தின் ஏவலை அழைத்துப் படியெடுக்கச் சொல்லுதலே அவ்வழி. இதிற் பெருங்குற்றம் ஒன்றுண்டு. கோப்பின் பெயரில் இடைவெளி இருப்பின், ஏவலானது ஒரு பெயரை இரண்டெனக் கொள்ளும். ‘மாணவர் பதிவு’ என்னும் அடைவை அழிக்கச் சொன்னால், ‘மாணவர்’ என்பதொன்று, ‘பதிவு’ என்பதொன்று எனப் பிரித்துணர்ந்து, அப்பெயர்களில் வேறு அடைவுகள் இருப்பின் அவற்றை அழித்துவிடும். செய்தவர் ஏவாத அழிவு செய்தவர் கையாலேயே நிகழும்.

இக்குறை நீக்கவே மொழிகளுள் தனி நூலகங்கள் தோன்றின. லறி வோல் 1987 ஆம் ஆண்டில் வெளியிட்ட பேர்ள் மொழியின் நூலகத்திற் கோப்புக்களைத் தேடவும் படியெடுக்கவும், பல படியான அடைவுகளை ஒருங்கே ஆக்கவும் நீக்கவும் தனித்தனிப் பிரிவுகள் சேர்ந்தன. கைடோ வான் றொசம் 1991 ஆம் ஆண்டில் வெளியிட்ட பைதன் மொழியில் ‘ஷட்டில்’ என்னும் பிரிவும், யப்பானியரான யுக்கிகிறோ மற்சுமோற்றோ 1995 ஆம் ஆண்டில் வெளியிட்ட றூபி மொழியிற் ‘ஃபைல்யூட்டில்ஸ்’ என்னும் பிரிவும் அவ்வாறு அமைந்தனவே. யூனிக்ஸ் ஏவல்களின் இரண்டெழுத்துப் பெயர்களையே றூபியின் செயற்கூறுகள் தாங்குகின்றன. மெய்யாகச் செய்யாது, செய்யப்போவதை எழுதிக் காட்டும் ஒத்திகை வசதியும் அதில் உண்டு. அழிக்குமுன் ஒருமுறை வாசித்துப் பார்க்கும் பழக்கம் மாணவர் யாவர்க்கும் உரியது.

இடம்பெயர்த்தல் என்னும் தொழிலில் ஒரு நுட்பம் மறைந்துள்ளது. ஒரே வட்டுக்குள் இடம்பெயர்த்தல் பெயரை மாற்றுதலே, உள்ளடக்கம் அசைவதில்லை. வேறொரு வட்டுக்கு இடம்பெயர்த்தலோ முற்றிலும் வேறானது. அங்கே செயற்கூறு முதலிற் படியெடுத்து, பின்னர் மூலத்தை அழிக்கின்றது. பயன்படுத்துவோர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் பின்னையதில் ஆபத்து மிகுதி. மேலும், படி என்பது எப்பொழுதும் முழுப்படி ஆவதில்லை. யூனிக்ஸ் வழிவந்த தளங்களில் உரிமையாளர் பெயரும் அனுமதிப் பட்டியலும் படியோடு செல்லா எனப் பைதன் மொழியின் ஆவணமே எச்சரிக்கின்றது. எழுதப்பட்ட படி மூலத்தோடு ஒத்துள்ளதா என ஒப்புநோக்கும் பொறுப்பும் பயன்படுத்துவோரையே சாரும். ஏட்டின் உரையை மாத்திரம் எழுதிக்கொண்டு, எழுதியவர் பெயரும் ஆண்டும் கூறும் இறுதிக் குறிப்பை விட்டுவிட்ட படியை ஆராய்ச்சியாளர் எவ்வாறு மதிப்பரோ, அவ்வாறே இதனையும் மதித்தல் வேண்டும்.

அடைவை அதனுள்ளிருப்பன யாவற்றோடும் அழிக்கும் செயற்கூறே இவ்வகையில் மிகக் கொடியது. அது கிளைதோறும் இறங்கி, இலைகளை உதிர்த்து, பின்னர்க் கிளையை வெட்டி மேலேறி வரும். இடையில் வேறோர் அடைவைச் சுட்டும் குறியிணைப்பு இருந்தால், அதனைத் தொடர்ந்து சென்று புறத்தேயுள்ளவற்றையும் அழித்தல் கூடாது. நல்ல செயற்கூறு இணைப்பை மாத்திரம் நீக்கி அப்பால் இருப்பதைத் தொடாது விடும். ஆனால், சோதித்த கணத்துக்கும் அழிக்கும் கணத்துக்கும் இடையே தீயோர் ஒருவர் அடைவை இணைப்பாக மாற்றிவிடக்கூடும். இதனைத் தடுக்கும் காவல் பைதன் மொழியின் 2012 ஆம் ஆண்டுப் பதிப்பில், அதற்கு இடந்தரும் தளங்களுக்கெனச் சேர்க்கப்பட்டது. றூபி மொழியிலும் காப்புடைய நீக்கம் எனத் தனிச் செயற்கூறு உண்டு.

பிற்காலத்து வளர்ச்சி பாதையைப் பற்றியது. பாதையை வெறும் எழுத்துத் தொடராகக் கருதாது, தன் உறுப்புக்களைத் தானறிந்த ஒரு பொருளாகக் கொள்ளும் முறை பரவிற்று. ஜாவா மொழி 2011 ஆம் ஆண்டிலும், பைதன் 2014 ஆம் ஆண்டிலும், சி மொழியின் வழித்தோன்றலான சி-பிளஸ்-பிளஸ் 2017 ஆம் ஆண்டிலும் இதனை ஏற்றன. சாய்கோடு எப்புறம் சாய வேண்டும் என்னும் கவலையைச் செயற்கூறே ஏற்றுக்கொண்டது.

தமிழ் மாணவர் தனித்துக் கருத வேண்டிய பகுதி ஒன்று உளது. கோப்பின் பெயரைத் தமிழில் எழுத இயலுமா என்பதே அது. யூனிக்ஸ் தளம் பெயரிற் சாய்கோட்டையும் வெற்றுக் குறியையும் மாத்திரமே விலக்கும். உலக எழுத்துக்களை எல்லாம் அடக்கும் ஒருங்குகுறியில் 1991 ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆயினும் அதனை நேரே பைற்றுக்களாக எழுதினால் அவ்விலக்கப்பட்ட குறிகள் இடையே தோன்றிவிடும். 1992 ஆம் ஆண்டு செப்டெம்பரிற் கென் தொம்சனும் றொப் பைக்கும் வகுத்த யூ.ரி.எஃப்.-8 என்னும் குறிமுறை இவ்விடரைத் தீர்த்தது. கோப்பமைப்புக்குத் தீங்கு செய்யாத குறிமுறை என்பதே அதன் தொடக்கப் பெயரின் பொருள். இருபதாண்டுக்கு முன்னர்த் தாம் வகுத்த அடைவில் உலக மொழிகள் யாவும் குடிபுகுமாறு அவரே கதவு திறந்தார் எனலாம்.

அக்குறிமுறையில் தமிழ்க் குறியொன்று மூன்று பைற்றுக்களைக் கொள்ளும். இன்றைய கோப்பமைப்புக்கள் பல பெயருக்கு 255 பைற்றுக்கள் அளிப்பதனால், தமிழிற் பெயரிடுவோர்க்கு 85 குறிகளே கிட்டும். இதனினும் நுட்பமான இடர் மற்றொன்று. ‘கோவை’ என்னும் சொல்லை இருவகையாக எழுதலாம். ஓகாரக் குறியை ஒரே குறியாகக் கொண்டால் நான்கு குறிகள், 12 பைற்றுக்கள். ஏகாரக் கொம்பும் காலுமாகப் பிரித்துக் கொண்டால் ஐந்து குறிகள், 15 பைற்றுக்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பைற்றுக்களை அவ்வாறே ஒப்பிடும் கோப்பமைப்புக்கோ அவை இரு வேறு பெயர்கள். ஓரடைவில் ஒரே பெயர் இருமுறை தோன்றுதலும், இருக்கும் கோப்பை இல்லையெனக் கணினி கூறுதலும் இதனால் விளைவன. பெயர்களை ஒருவடிவப்படுத்தும் செயற்கூறுகள் மொழிகளில் உள்ளன. தமிழ் ஆவணங்களைக் கையாளும் நிரலாளர் அவற்றை முதலிற் கற்றல் இன்றியமையாதது.

இவற்றையெல்லாம் வன்னி மண்ணில் வாழ்வோர் ஏன் கருத வேண்டும் என ஒருவர் வினவலாம். விடை அண்மை வரலாற்றில் உண்டு. 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் நாள் இரவு தீயிடப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய சுவடிகளும் எரிந்தன. அவற்றுள் வேறு படி இல்லாதனவும் இருந்தன; அவை மீளவில்லை. 1990 ஆம் ஆண்டில் வடபகுதிப் புகையிரதம் நின்றது. 1997 ஆம் ஆண்டு மே 13 ஆம் நாள் ‘ஜயசிக்குறு’ என்னும் படைநடவடிக்கை தொடங்கியபின் கண்டி வீதியிலுள்ள புளியங்குளம் பல மாதங்கள் போர்முனையாயிற்று. 2009 ஆம் ஆண்டு வரை நீடித்த இடப்பெயர்வுகளில் வன்னி மக்கள் காணி உறுதிகளையும் பிறப்புச் சான்றுகளையும் பைகளிற் சுமந்து திரிந்தனர். சுமக்க இயலாது போனவை வழியில் தொலைந்தன. மீளக் குடியேறியபோது, தம் காணி தமதே என நிறுவுதற்குத் தாளொன்றின்றித் தவித்தோர் பலர். இடப்பெயர்வு என்னும் சொல்லின் முழுப்பொருளை அறிந்த மக்கள் இவர்கள். மூலம் அழியுமுன் படி நிலைபெறவில்லையாயின் நேர்வது யாதென அவர்க்கு எந்த நூலும் கற்பிக்க வேண்டுவதில்லை.

ஆயினும் வரலாறு அழிவோடு முடிவதன்று. 2005 ஆம் ஆண்டில் தோன்றிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பத்திரிகைகளையும் மலர்களையும் படமாக்கி, பெயரும் எண்ணும் இட்டு, எவரும் எங்கிருந்தும் எடுக்கத்தக்கவாறு அடைவுபடுத்தி வருகின்றது. கிராமத்துப் பாடசாலை மலரொன்றும் அங்கே தன் பாதையைப் பெறுகின்றது. 2013 ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஓமந்தைக்கு அப்பால் கிளிநொச்சி வரை இருப்புப்பாதை மீண்டபோது புளியங்குளத்தினூடாகவும் வண்டிகள் ஓடின. பாதை மீண்டால் ஊர் மீளும், ஏட்டுக்கும் அதுவே.

கணினி கற்கும் மாணவர் கோப்பாளும் செயற்கூறுகளை எளியன என்றெண்ணித் தாண்டிச் செல்லுதல் வழக்கம். அவ்வெளிய கூறுகளிலேயே அறுபது ஆண்டின் அனுபவம் செறிந்துள்ளது. முதலிற் படியெடுக்க, எடுத்ததை மூலத்தோடு ஒப்புநோக்குக, வேறிடத்தில் இன்னொரு படி வைக்க, பெயரை ஒருவடிவப்படுத்துக, பெயர்மாற்றத்தை ஒரே செயலாகச் செய்க, அழித்தலை இறுதியில், ஒத்திகை பார்த்த பின்னரே செய்க. கல்லூரியின் வரவுப் பதிவேடும் பழைய மாணவர் பட்டியலும் ஆலயத்தின் கணக்கேடும் ஊராரின் உறுதிப் படிகளும் இவ்வொழுங்கைக் காத்து நிற்கின்றன. குளத்தைக் கட்டியவன் பெயர் மறக்கப்படினும், துருசைக் காத்தவனால் வயல் விளைகின்றது. ஏட்டைக் காப்போரால் நாளைய தலைமுறை தன்னை அறியும்.